கரிபு ஈனும் நாளைத் தாயின் உடம்பு எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

பனிவெளி எழுதியது:

வணக்கம். வேலை மாறி கனடாவின் யூக்கானில் உள்ள வைட்ஹார்ஸுக்கு வந்து நான்கு குளிர்காலம் முடிந்துவிட்டது. மே மாதக் கடைசியில் இங்கே யாரோடு பேசினாலும் பேச்சு போர்க்குபைன் மந்தையில் வந்து நிற்கும். யூக்கானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே வலசை போகும் கரிபு (வட அமெரிக்கக் கலைமான்) மந்தை அது. 2017 கணக்கெடுப்பில் சுமார் 2,18,000 தலை. சினைத் தாய்கள் எல்லாம் வடக்கே பியூஃபோர்ட் கடலோரச் சமவெளிக்கு நடந்துபோய் ஜூன் முதல் வாரத்தை ஒட்டி ஈனும். அந்த இடத்தை இங்குள்ள க்விச்சின் பழங்குடி மக்கள் 'உயிர் தொடங்கும் புனித இடம்' என்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் 1984-இல் அமைந்த தேசியப் பூங்காவின் பெயர் இவ்வாவிக். ஈன்று வளர்க்கும் இடம் என்றே அதற்குப் பொருள்.

இடத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் பேச வந்தது நாளைப் பற்றி.

அக்டோபரில் இணை சேர்கின்றன. சினைக்காலம் ஏறக்குறைய ஏழரை மாதம். பெரும்பாலான கன்றுகள் இரண்டே வாரத்துக்குள் பிறந்துவிடுகின்றன. இவ்வளவு நெருக்கமாகப் பிறப்பதால், பகல்பொழுதின் நீளத்தை வைத்து இயற்கை போட்ட கணக்கு இது, தாய்க்குத் தாய் வித்தியாசம் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க அந்த எண்ணம் போய்விட்டது. ஒரே மந்தையில், ஒரே வருஷத்தில், உடம்பு தேறிய தாய் முந்தி ஈனுகிறது, மெலிந்தது பிந்தி ஈனுகிறது. போன கோடையில் அது எவ்வளவு நிம்மதியாக மேய்ந்தது என்பதிலிருந்தே இந்த ஜூனில் கன்று விழும் நாள் உருவாகி வருகிறது என்பது என் வாதம். மறுப்பு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

---

கறவைக்காரர் எழுதியது:

தம்பி, நான் கரிபைக் கண்ணால் பார்த்ததில்லை. முப்பது வருஷமாக மாடு வைத்திருப்பவன், அதை வைத்துக் கேட்கிறேன். இளைத்த மாடு பருவத்துக்கு வருவதே தாமதம். வந்தாலும் சினை நிற்காமல் திரும்பத் திரும்ப ஊசி போடவேண்டி வரும். ஆனால் ஒருமுறை சினை நின்றுவிட்டால், ஒன்பது மாதம் பத்து நாள் என்ற கணக்கு அவ்வளவாக மாறாது. மாடு இளைத்தால் கன்று சிறுத்துப் பிறக்கும், நாள் தள்ளாது.

அப்படியானால் கரிபிலும் தாமதம் முழுவதும் அக்டோபரில்தானே நடந்திருக்கவேண்டும்? குளிர்காலத்துக்கு இதில் என்ன வேலை?

---

பனிவெளி எழுதியது:

ஐயா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கரிபு மாட்டிலிருந்து விலகிப்போவது இங்கேதான்.

அலாஸ்காவின் சென்ட்ரல் ஆர்க்டிக் மந்தையில் இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய தாய்களை எடைபோட்டு, அடுத்த ஜூனில் அவை என்ன செய்தன என்று பார்த்த ஆய்வு 1993-இல் வந்தது. தாய் சினை பிடிக்குமா, கன்று ஈனுமா என்பது பெரும்பாலும் இலையுதிர்கால உடம்பிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் எந்த நாளில் ஈனும், ஈன்ற கன்று முதல் சில நாள் தாக்குப்பிடிக்குமா என்பது சினையின் கடைசிக் கட்டத்தில் தாயின் உடம்பு இருக்கும் நிலையோடு சேர்ந்து போகிறது. அதாவது கதவு ஒன்றல்ல, இரண்டு.

காரணம் யோசித்தால் புரிகிறது. கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் நடக்கிறது. மார்ச், ஏப்ரல், மே. அப்போது வெளியே பச்சை கிடையாது. பனியைக் குளம்பால் தோண்டித் தரைப்பாசியை (லைக்கன்) தின்கிறது தாய். அந்தப் பாசியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகமிகக் குறைவு. கன்றின் தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய புரதத்தைத் தாய் தன் தசையைக் கரைத்துத்தான் கொடுக்கிறது. கொடுக்க அதனிடம் இல்லையென்றால் கரு மெதுவாக வளர்கிறது, நாள் நீள்கிறது.

சினைக்காலம் இறுக்கமான ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்றும் இருக்கிறது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்ட கலைமான்களில் (கரிபும் கலைமானும் ஒரே இனம்) இணை சேர்ந்த நாளைக் குறித்துவைத்துப் பார்த்தார்கள். முந்திச் சினையானவை நீண்ட நாள் சுமந்தன, பிந்திச் சினையானவை குறைந்த நாளில் ஈன்றன. பிந்தியதை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ள உடம்பு முயல்கிறது. மெலிந்த தாய்க்கு அந்த ஈடுகட்டும் வசதியும் குறைந்துபோகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

நல்ல இழை. சில சந்தேகங்கள்.

எடை கூடிய தாய் முந்தி ஈனுகிறது என்பதில் வயது கலந்திருக்கிறது. தலையீத்துத் தாய்கள் எடையும் குறைவு, ஈனுவதும் தாமதம். வயதைப் பிரிக்காவிட்டால் உடம்பின் விளைவு என்று நாம் நினைப்பது இளமையின் விளைவாக இருக்கலாம். தாய்க்குத் தாய் இயல்பான வேறுபாடும் உண்டு. சில எப்போதுமே நல்ல மேய்ச்சல் தேடிப்போகும், எப்போதுமே முந்தி ஈனும். அப்போது எடை காரணமா, அடையாளமா? ஒரே தாயைப் பல வருஷம் தொடர்ந்து, அது தேறிய வருஷத்தையும் இளைத்த வருஷத்தையும் ஒப்பிட்டால்தான் நான் நம்புவேன்.

அதைவிட அடிப்படையான கேள்வி, ஈன்ற நாள் எப்படித் தெரியும்? காட்டில் யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. கன்று பிறந்து அன்றைக்கே கரடி வாயில் போயிருந்தால் அந்தத் தாய் 'ஈனவில்லை' என்ற பட்டியலில் சேர்ந்துவிடாதா?

---

துந்திரா மாணவி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் படிக்கிறேன். ஒரு ஜூனில் சின்ன விமானத்தில் பின்னிருக்கையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

கரிபில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. சினையாக இல்லாத பெண்கள் குளிர்காலக் கடைசியிலேயே கொம்பை உதிர்த்துவிடும். சினையானவை கடைசிவரை வைத்திருந்து, ஈன்ற சில நாளில் உதிர்க்கும். ஜூன் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் தலையில் பழைய கெட்டிக்கொம்பு நிற்கிறது என்றால் ஒன்று இனிமேல் ஈனப்போகிறது, அல்லது இப்போதுதான் ஈன்றிருக்கிறது. அடுத்தது மடி. பின்னாலிருந்து பார்த்தால் தொடைகளுக்கு நடுவே பருத்துத் தெரியும். கன்று பக்கத்தில் இல்லாமல், கொம்போடு, மடி கட்டி, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் தாயைப் பார்த்தால் கன்றை இழந்தது என்று எழுதுவோம். அதனால் செத்த கன்றெல்லாம் கணக்கிலிருந்து தப்பிவிடுவதில்லை. ஆனால் சில தப்பும், நீங்கள் சொல்வது உண்மைதான். தப்புகிறவற்றில் மெலிந்த தாய்களின் கன்றுகள் கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு.

நான் மறக்காத காட்சி ஒன்று. பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான தரை. குளிர்கால முடி இன்னும் கொட்டாத, வெளுத்த தாய். காலடியில் செம்பழுப்பாக ஒரு பொட்டலம் மாதிரி கன்று, இன்னும் ஈரம் காயவில்லை. விமானச் சத்தத்துக்குத் தாய் நான்கு எட்டு ஓடியது, நின்றது, திரும்பி வந்து கன்றை முகர்ந்தது. அதன் விலா எலும்புகளை மேலேயிருந்து எண்ண முடிந்தது. அன்று பார்த்தவற்றில் கடைசியாக ஈன்றவற்றுள் அது ஒன்று. ஒற்றைக் காட்சியை வைத்து முடிவுகட்டக்கூடாது என்று தெரியும். ஆனாலும் 'உடல்நிலை' என்ற சொல்லை எங்கே படித்தாலும் அந்த விலாதான் கண்ணில் நிற்கிறது.

இப்போது ஜிபிஎஸ் பட்டைகள் வந்துவிட்டன. நாள் முழுக்க நடந்துகொண்டிருந்த தாய் திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். கன்று கூட ஓடத் தொடங்கியதும் மெல்ல நகரும். அந்த நிறுத்தத்தை வைத்தே ஈன்ற நாளைக் கணித்துவிடுகிறார்கள். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 900-க்கும் மேற்பட்ட தாய்களை இப்படி 2000 முதல் 2017 வரை பார்த்திருக்கிறார்கள்.

---

ஒஸ்லோவாசி எழுதியது:

வணக்கம். நான் நோர்வேயில முப்பது வருசமா இருக்கிறன். இங்க ஹார்டாங்கர்விட்டா எண்டு பெரிய மேட்டுநிலம் ஒண்டு இருக்கு. நோர்வேப் பெருநிலத்தில காட்டுக் கலைமான் ஆகக் கூட இருக்கிற இடம் அதுதான்.

புள்ளிக்கணக்கு கேட்ட கேள்விக்கு இந்த நாட்டுக் கதை உதவும் எண்டு நினைக்கிறன். ஹார்டாங்கர்விட்டாவில ஒரு காலத்தில மான் அளவுக்கு மிஞ்சிப் பெருகிட்டுது. குளிர்காலத்துப் பாசியை மேய்ஞ்சு மொட்டையாக்கிப் போட்டுதுகள். பாசி ஒருக்கால் போனால் திரும்ப வளர ஒரு தலைமுறை செல்லும். மான் எல்லாம் சிறுத்துப்போச்சு, ஈனுறதும் பிந்திப்போச்சு. அதே நேரம் நல்ல பாசி இருந்த க்னூட்ஸே மாதிரி மலைகளில மான் கொழுத்து, முந்தி ஈண்டுது. 1980-களில இந்த ஒப்பீட்டை வடிவாச் செய்து எழுதியிருக்கினம். எல்லாம் ஒரே நாட்டு மலைதான், பகல் நீளத்தில பெரிசா ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் சாப்பாட்டிலதான்.

பனிவெளித் தம்பி கோடையைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறார். இங்கத்தைய அனுபவம் குளிர்கால மேய்ச்சலையும் சரிசமனாச் சொல்லுது.

---

பனிவெளி எழுதியது:

அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிவில் கோடையை மட்டும் தூக்கிப்பிடித்துவிட்டேன். இரண்டு கதவு என்று நானே பிறகு எழுதியதற்கும் அது பொருந்தவில்லை.

ஆனால் கோடையை ஏன் விடமுடியவில்லை என்றும் சொல்கிறேன். ஜூலையில் கொசு. அதன்பின் முதுகுத்தோலுக்குள் புழு வைக்கும் ஈ, மூக்குக்குள் புழு வைக்கும் ஈ. வெயில் அடித்துக் காற்றில்லாத நாளில் மந்தை மேய்வதையே விட்டுவிட்டு, பனித்திட்டின் மேலும் கடற்கரை மணலிலும் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும், இல்லையென்றால் ஓடும். பச்சை கிடைக்கும் காலமே மூன்று மாதம்தான். அதில் போன ஒவ்வொரு நாளும் முதுகில் ஏறாத கொழுப்பு. கன்றுக்குப் பாலும் கொடுத்துக்கொண்டே அது தேறவேண்டும்.

போர்க்குபைன் மந்தையிலேயே கண்ட ஒன்று: இணைசேரும் காலம் வரை பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்கள் அந்த ஆண்டு சினை பிடிக்கும் வாய்ப்புக் குறைவு. இப்போது சங்கிலியைப் பாருங்கள். பிந்திப் பிறந்த கன்று இலையுதிர்காலத்தில் இன்னும் சிறிசு, மடியை விடாது. தாய் இளைத்தபடியே அக்டோபருக்குள் நுழையும். ஒன்று பிந்திச் சினையாகும், அல்லது அந்த வருஷத்தையே விட்டுவிடும். விட்டுவிட்டால் ஒரு முழுக் கோடை தனக்காக மேய்ந்து தேறி, அடுத்த வருஷம் மறுபடி முந்தி ஈனும். சென்ட்ரல் ஆர்க்டிக் மந்தையில் தாய்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஓய்வெடுப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

---

கறவைக்காரர் எழுதியது:

இது எனக்கு நன்றாகப் புரிகிறது தம்பி. பால் வற்றவைக்காமல் அடுத்த ஈத்துக்குப் போன மாடு எப்படி ஆகும் என்று எங்கள் தொழுவத்தில் பார்த்திருக்கிறோம். நாங்கள் கையால் வற்றவைக்கிறோம், அது தானாகவே ஒரு வருஷம் விடுகிறது. இந்த அறிவு மிருகத்துக்கு இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான்கைந்து நாள் பிந்தினால் அவ்வளவு கெடுதலா? அதைச் சொல்லுங்கள்.

---

துந்திரா மாணவி எழுதியது:

ஐயா, அங்கே நான்கைந்து நாள் பெரிய நாள்.

கன்று பிறக்கும்போது 6 கிலோ சுற்றிலும்தான். முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் கரடியும் ஓநாயும் பொன்னிறக் கழுகும் அதிகம் கொண்டுபோகும். ஆயிரக்கணக்கான கன்றுகள் ஒரே வாரத்தில் தரையில் கிடக்கும்போது கரடியால் எத்தனையைத் தின்னமுடியும்? கூட்டத்தோடு பிறந்தால் தப்பிக்க வாய்ப்பு அதிகம். கூட்டம் எழுந்து ஓடத் தொடங்கியபின் பிறந்த கன்று தனியாக மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று தீனி. ஜூன் தொடக்கத்தில் பனி விலகிய இடத்தில் பஞ்சுக்கோரை மொட்டு வரும். புரதம் நிறைந்தது, எளிதில் செரிக்கும். அடுத்துக் காட்டரளி போன்ற குட்டை வில்லோ இலைகள் விரியும். இலை முற்ற முற்றச் சத்துக் குறையும். பால் அதிகம் சுரக்கவேண்டிய மூன்று வாரமும் இளந்தளிர்க் காலமும் ஒன்றாக விழுந்தால் தாய்க்கும் நல்லது கன்றுக்கும் நல்லது. பிந்தி ஈன்ற தாய் முற்றிய இலையைத் தின்று பால் கொடுக்கிறது.

நாளும் இடமும் தனித்தனிக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பனி உருகத் தாமதித்த 2000, 2001 ஆண்டுகளில் போர்க்குபைன் தாய்கள் பல கடலோரச் சமவெளியை எட்டுமுன்பே கனடாப் பக்கம் வழியிலேயே ஈன்றன. உடம்பு நாளைப் பிடித்துக்கொண்டது, கால் போய்ச்சேரவில்லை. அந்த இரண்டு வருஷமும் கன்றுகளுக்கு நல்ல வருஷமாக இல்லை.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

காட்டரளி என்றது ஒப்புமைதான் என்று எடுத்துக்கொள்கிறேன், அரளி நஞ்சு, வில்லோ வேறு குடும்பம்.

தளிர்க்காலத்தோடு பொருந்துவது பற்றி இரண்டு இடத்து முடிவுகள் எதிரெதிராக நிற்பதைக் கவனித்தீர்களா? மேற்குக் கிரீன்லாந்தில் கங்கர்லுசுவாக் பக்கம் செடிகள் வருஷா வருஷம் முந்தித் தளிர்க்க, கரிபு ஈனும் நாள் அந்த வேகத்தில் முந்தவில்லை, கன்று இழப்பு கூடியது என்று 2008-இல் எழுதினார்கள். நோர்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் பார்த்தவர்களோ, ஒரு வருஷத்தில் எத்தனை கன்று கிடைக்கிறது என்பதைத் தளிர்க்கும் நாள் தீர்மானிக்கவில்லை, குளிர்காலக் கடைசியில் தாயின் எடைதான் தீர்மானிக்கிறது என்கிறார்கள்.

---

ஒஸ்லோவாசி எழுதியது:

ஸ்வால்பார்ட் கதையை நான் சொல்லுறன், அது எங்கட பக்கம். அங்க குளிர்காலத்தில மழை பெய்யத் தொடங்கிட்டுது. பனிக்கு மேல மழை விழுந்து உறைஞ்சால் தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். குளம்பால உடைக்கேலாது. 1994-இல பிறந்த மான் முழு வளர்ச்சியில 55 கிலோ இருந்துது, 2010-இல பிறந்தது 48 கிலோ. ஏழு கிலோ கொஞ்சமில்லை. அதுவும் கோடை நல்லாப் போன காலத்திலயே இந்த இறக்கம். குளிர்காலக் கடைசியில மெலிஞ்ச தாய் கருவையே இழந்துபோடும்.

அங்க ஓநாய் இல்லை, கரடி மானைத் தேடித் திரியிறதும் அரிது. அதால கூட்டத்தோட பிறக்கவேணும் எண்ட நெருக்கடி அங்க குறைவு. ரெண்டு இடத்து முடிவும் வேற வேறயா வாறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

---

துந்திரா மாணவி எழுதியது:

புள்ளிக்கணக்கு, அரளி என்று எழுதியது என் தவறு, திருத்தியதற்கு நன்றி. குட்டை வில்லோ என்று மட்டும் வாசியுங்கள்.

ஃபின்லாந்தின் காமனென் நிலையத்தில் 1970 முதல் 2016 வரை கலைமான் ஈன்ற நாளெல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் சராசரி நாள் ஏறக்குறைய ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது. மனிதக் கண்காணிப்பில் உள்ள மந்தை என்பதை மறக்கக்கூடாது. ஆனால் தாய்களை ஆண்டுதோறும் எடைபோட்டு, வயதும் தெரிந்து, ஒரே தாயைத் தொடர்ந்து பார்க்கமுடிந்த இடம் அது. நீங்கள் கேட்ட ஒப்பீட்டுக்கு அதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரிந்து இல்லை.

---

பனிவெளி எழுதியது:

உடல்நிலையை அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வாளர்கள் பிட்டத்துக் கொழுப்பின் தடிமன், சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு, எலும்பு மஜ்ஜை என்று அளக்கிறார்கள். இங்கே வடக்கில் வேட்டைக்குடும்பங்கள் அதே மூன்றையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகின்றன. கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் லுட்செல் கே ஊரின் தெனே பழங்குடி மக்கள் கொழுப்பை வைத்து மந்தையின் நிலையைக் கணிப்பதைப் பல்கலைக்கழகத்தார் அவர்களோடு சேர்ந்தே பதிவு செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை காட்டினார். கால் எலும்பைக் கத்தியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டிப் பிளந்தார். உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக நின்றது. விரலால் தொட்டால் வழவழப்பு. "இது நல்லாத் தின்ற மான்" என்றார். பட்டினி கிடந்ததில் அதே இடம் சிவந்து, கூழாக, தண்ணீர் கோத்து இருக்குமாம். உடம்பில் மற்ற கொழுப்பெல்லாம் தீர்ந்தபிறகு கடைசியாகக் கரைவது மஜ்ஜை. அந்தக் கட்டத்துக்குப் போன தாய் ஜூனில் என்ன ஈனும், எப்போது ஈனும்?

இதனால்தான் கடலோரச் சமவெளியில் எண்ணெய் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும்போது எனக்குப் பதறுகிறது. 2017-இல் அமெரிக்கச் சட்டம் அதற்குக் கதவைத் திறந்தது, 2021 ஜனவரியில் முதல் ஏலம் நடந்தது. மேற்கே ப்ரூடோ விரிகுடாப் பக்கம் எண்ணெய்ச் சாலைகளிலிருந்து நான்கு கிலோமீட்டர் வரை ஈனும் தாய்கள் ஒதுங்கிப்போனதை 1990-களிலேயே காட்டியிருக்கிறார்கள். 'மான் செத்துவிடவில்லையே, தள்ளித்தானே போகிறது' என்பார்கள். தள்ளிப்போன இடத்தில் மொட்டு குறைவு என்றால் பால் குறையும், இலையுதிர்கால எடை குறையும், அடுத்த கன்று பிந்தும். அன்றைக்கே எண்ணினால் எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

சங்கிலி தர்க்கமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் தேய்மானம் உண்டு. இடம் தள்ளியதிலிருந்து அடுத்த வருஷத்து ஈனும் நாள் வரை ஒரே மந்தையில் முழுச் சங்கிலியையும் அளந்து காட்டினால்தான் வலுவாகப் பேசமுடியும். உங்களோடு எனக்கு விரோதமில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கப்போகிற கேள்வியை இங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

வயது பற்றிய என் முதல் சந்தேகத்தை ஹார்டாங்கர்விட்டா ஒப்பீடு பாதி தீர்த்துவிட்டது. ஒரு மலை முழுக்கப் பிந்துகிறது என்றால் அதைத் தலையீத்துத் தாய்களின் கணக்கில் மட்டும் போடமுடியாது.

---

கறவைக்காரர் எழுதியது:

கடைசியாக ஒன்று. பனி இறுகிய வருஷத்தில் தீவனம் கொண்டுபோய்ப் போட்டால் என்ன?

---

ஒஸ்லோவாசி எழுதியது:

ஐயா, வளர்ப்பு மானுக்கு சாமி எண்ட இங்கத்தைய பழங்குடி மக்கள் அப்பிடிச் செய்யினம். ஐஸ் பிடிச்ச வருசத்தில வைக்கோலும் தீவனமும் குடுக்கினம். செலவு கூட, நோயும் பரவும், ஆனால் மந்தை தப்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடக்கிற காட்டு மந்தைக்கு அது ஆகாது.

---

துந்திரா மாணவி எழுதியது:

பனிவெளி சொன்ன ஓய்வாண்டு மனதில் நிற்கிறது. வகுப்புப் பயிற்சிக்காக எங்களிடம் பழைய கழுத்துப்பட்டைப் பதிவுகள் கொஞ்சம் தந்திருக்கிறார்கள். ஒரு வருஷம் விட்டு அடுத்த வருஷம் ஈன்ற தாய்களை மட்டும் தனியாகப் பிரித்து, அவை தம் முந்தைய ஈத்தைவிட எத்தனை நாள் முந்துகின்றன என்று பார்க்கப்போகிறேன். ஒரே தாய், இரண்டு உடம்பு. புள்ளிக்கணக்கு கேட்டது அதுதானே? எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். எப்படி வந்தாலும் இதே இழையில் போடுகிறேன்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

அதேதான். வயதையும் ஒரு நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருஷமும் பனி எப்போது உருகியது என்பதையும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இதே கேள்வியோடு வந்து நிற்பேன்.